ஆத்தங்குடிக் கல்லுக்கு அடியில் காயில்

கம்பி இணைப்பில்லாமல் விளக்கெரிக்க, காரைக்குடி வீட்டு மேடையில் 2 செ.மீ. தடிமனுள்ள ஆத்தங்குடிக் கல்லுக்கு அடியில் 4 செ.மீ. விட்டமுள்ள காயிலை (கம்பிச்சுருளை) வைத்தேன், மேலே இன்னொரு காயிலோடு வைத்த விளக்கு எரியவில்லை, கீழ்க்காயில்தான் சுடுகிறது என்கிறீர்கள். கல் மேல் பழி போடாதீர்கள். சிமெண்டும் மணலும் காந்தப்புலத்தைத் தடுக்காது. இடைவெளி காயிலின் ஆரத்தளவு இருப்பதுதான் சிக்கல். இரண்டு காயிலையும் 10 செ.மீ. ஆக்குங்கள். நடுவில் சுற்றாமல் விடுங்கள். உள்சுற்றுகள் மின்தடையைக் கூட்டுமே தவிர, இரு காயில்களின் காந்தப் பிணைப்புக்குப் பெரிதாக உதவாது. 100 கிலோஹெர்ட்ஸில் மின்னோட்டம் செம்பின் மேல்தோலில் சுமார் 0.2 மி.மீ. ஆழத்தில்தான் ஓடும். அதனால் ஒற்றைத் தடிக்கம்பி வேண்டாம், தனித்தனியே காப்பிட்ட மெல்லிய இழைகளைத் திரித்த லிட்ஸ் கம்பி வாங்குங்கள் (விலை கொஞ்சம் கடிக்கும்). அப்புறம், கீழ்க்காயிலுக்கு அடியில் ஃபெரைட் தகடு வையுங்கள், அந்தக் காந்தப்பொருள் புலத்தை மேல்பக்கம் திருப்பும். பக்கத்தில் இரும்புச் சட்டம் இருந்தால் அது சக்தியைத் தின்னும், தள்ளி வையுங்கள். ஃபெரைட் வைத்ததும் காயிலின் இண்டக்டன்ஸ் (மின்தூண்டல் அளவு) ஏறும், ஒத்ததிர்வு அதிர்வெண் மாறிவிடும். அந்த அதிர்வெண்ணைச் சரிசெய்யும் கெப்பாசிட்டரை அதற்குப் பிறகு பொருத்துங்கள்.