செலவு அதிகம், தேர்ச்சி குறைவு: சிறிய பள்ளி மாவட்டத்தை எப்படி எடைபோடுவது?

கேள்வி: அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் வீடு வாங்கவிருக்கிறோம். பார்த்திருக்கும் ஊரின் பள்ளி மாவட்டத்தில் (ஊரின் அரசுப் பள்ளிகளை நிர்வகிக்கும் அமைப்பு) எட்டாம் வகுப்பு வரை 300 பிள்ளைகளே படிக்கிறார்கள். ஒரு மாணவருக்கான செலவு பக்கத்து ஊரைவிட மிக அதிகம். கணிதத் தேர்ச்சியோ இந்த ஆண்டு சரிந்திருக்கிறது. வரிப்பணம் வீணாகிறதா?

பதில்: இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்து அப்படியொரு முடிவுக்கு வந்துவிடாதீர்கள்.

மாநிலக் கல்வித் துறை ஆண்டுதோறும் வெளியிடும் செலவு வழிகாட்டியில் ஒரு மாணவருக்கான செலவு இரண்டு விதமாகக் கணக்கிடப்படுகிறது. மொத்தச் செலவில் பேருந்து, கட்டடக் கடன், ஓய்வூதியம், பிற பள்ளிகளுக்குச் செலுத்தும் கட்டணம் ஆகியவையும் சேர்ந்திருக்கும். பட்ஜெட் செலவில் இவை சேராது. உயர்நிலைப் பள்ளி இல்லாத சிற்றூர்கள் ஒன்பதாம் வகுப்பு முதல் தம் பிள்ளைகளைக் கட்டணம் செலுத்திப் பக்கத்து மாவட்டத்துக்கு அனுப்புவது அங்கே வழக்கம் என்பதால், பட்ஜெட் செலவை, அதுவும் இதே அளவுள்ள எட்டாம் வகுப்பு வரையிலான மாவட்டங்களோடு மட்டுமே, ஒப்பிடுவது நியாயம். சிறப்புக் கல்வி தேவைப்படும் ஒரே ஒரு பிள்ளையை 90,000 டாலர் கட்டணமுள்ள வெளிப் பள்ளியில் சேர்த்தால், 300 பேர் கொண்ட மாவட்டத்தின் மொத்தச் செலவுச் சராசரி 300 டாலர் ஏறிவிடும். அந்தக் கல்வி அப்பிள்ளையின் சட்டப்படியான உரிமை. அதை வீண்செலவு என்று சொல்லவே கூடாது. மாணவர் எண்ணிக்கை குறைந்தாலும், ஒரு டாலர்கூடக் கூடுதலாகச் செலவழிக்காமலேயே சராசரி உயரும்.

தேர்ச்சி விகிதத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஒரு வகுப்பில் 30 பேர் என்றால், மூன்று பேர் தவறினாலே விகிதம் 10 புள்ளி சரிந்துவிடும். தேர்ச்சி விகிதம் குடும்ப வருமானத்தையும் பெருமளவு பிரதிபலிப்பது என்பதால், நான் அதைவிட மாணவர் வளர்ச்சிக் குறியீட்டையே நம்புவேன். முந்தைய தேர்வுகளில் ஒத்த மதிப்பெண் பெற்ற மாநில மாணவர்களோடு ஒப்பிட்டு, ஒரு பிள்ளை எவ்வளவு முன்னேறியது என்பதை அது காட்டுகிறது. 50 என்பது நடுநிலை. பள்ளிச் செயல்திறன் அறிக்கையில் குறைந்தது மூன்று ஆண்டு எண்களைச் சேர்த்துப் பாருங்கள்.

பட்ஜெட் செலவு ஒத்த மாவட்டங்களைவிட உயர்ந்து, அதில் வகுப்பறைக்குச் செல்லும் பங்கு குறைந்து, வளர்ச்சிக் குறியீடும் தொடர்ந்து 40க்குக் கீழே நின்றால் மட்டுமே கவலைப்பட வேண்டும். அப்போதும், ஏப்ரல் இறுதியையொட்டி நடக்கும் பட்ஜெட் பற்றிய பொதுக் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு நேரில் சென்று, நிர்வாகச் செலவு ஏன் கூடியது, எந்தப் பணியிடங்களைப் பக்கத்து மாவட்டத்தோடு பகிர்ந்துகொள்கிறார்கள் என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.