ஜெர்மனியா, கோவையா? சுற்றுச்சூழல் பொறியியல் மேற்படிப்புக்குக் கடன் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு 25 வயது. பி.இ. சிவில் முடித்துவிட்டு, திருப்பூரில் சாயப்பட்டறைகளுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன். பிடித்தம் போகக் கைக்கு வருவது 26,000 ரூபாய். முதுநிலைப் பொறியியலுக்கான 'கேட்' நுழைவுத்தேர்வில் செல்லுபடியாகும் மதிப்பெண் இருப்பதால் கோவையில் ஓர் அரசுக் கல்லூரியில் எம்.இ. சுற்றுச்சூழல் பொறியியல் கிடைத்துவிடும். கட்டணம், விடுதி எல்லாம் சேர்த்து இரண்டு வருடத்துக்கு 2.4 லட்சம் ஆகும் என்றார்கள். ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தின் 'வேஸ்ட்' முதுநிலைப் படிப்பிலும் இடம் வந்திருக்கிறது. ஜெர்மன் மொழி ஏ1 என்ற தொடக்க நிலை அளவுதான் தெரியும். என் சேமிப்பு 3.5 லட்சம். அப்பாவின் ஓய்வுக்காலப் பணம் 12 லட்சம் எஃப்.டி.யில் இருக்கிறது, அதை உடைத்துக்கொள் என்கிறார். வீடு பூர்வீகம், பட்டா இன்னும் தாத்தா பெயரில். ஒரு தனியார் நிதி நிறுவனம் அடமானம் இல்லாமல் 13% வட்டியில் கடன் தருவதாகச் சொல்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: இந்த வருடம் ஜெர்மனி வேண்டாம். அப்பாவின் எஃப்.டி.யை எந்த வருடமும் உடைக்க வேண்டாம். கோவையில் சேருங்கள். ஸ்டுட்கார்ட் நல்ல படிப்பு. காற்று மாசு, திடக்கழிவு, கழிவுநீர் மூன்றையும் செயல்முறைப் பொறியியலாகச் சொல்லித்தருகிறார்கள். நான் மறுப்பது படிப்பை அல்ல, அந்தக் கடனை.

'ஜெர்மனியில் படிப்பு இலவசம்' என்பது பாதி உண்மை. ஸ்டுட்கார்ட் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். நான்கு செமஸ்டருக்கு 6,000 யூரோ. ஒரு யூரோ 105 ரூபாய் என்று வைத்தால் 6.3 லட்சம். பெரிய செலவு இதுவும் அல்ல, சாப்பாடும் வாடகையும்தான். விசாவுக்கு ஒரு வருடச் செலவை முடக்கக் கணக்கில் முன்கூட்டியே போட்டுக் காட்ட வேண்டும். அந்தத் தொகை 2024 செப்டம்பரிலிருந்து 11,904 யூரோ, அதாவது 12.5 லட்சம். போய்ச் சேர்ந்த பிறகு மாதம் 992 யூரோ வீதம் உங்களுக்கே திரும்ப வரும். இது கட்டணம் அல்ல, உங்கள் செலவுப் பணம். ஆனால் செலவாகிவிடும். இரண்டு வருடத்துக்கு 25 லட்சம். செமஸ்டர் பங்களிப்புத் தொகை, விமானச் சீட்டு, விசா, இந்தியப் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் 18,000 ரூபாய் ஏ.பி.எஸ். சான்றிதழ் எல்லாம் சேர்த்தால் மொத்தம் 33 லட்சத்தைத் தொடும்.

பகுதிநேர வேலை செய்து சமாளித்துவிடலாம் என்பார்கள். மாணவர்கள் வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை பார்க்கச் சட்டம் இடம் தருகிறது, உண்மைதான். ஆனால் முதல் வருடத்தில் அதை வரவாக எழுதாதீர்கள். இரண்டாம் வருடச் செலவில் பாதியை வேலை பார்த்தே ஈட்டுவீர்கள் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் 27 லட்சம் வெளியிலிருந்து வர வேண்டும்.

இதில் முதல் வருடம் 17 லட்சம், இரண்டாம் வருடம் 10 லட்சம் என்று 13% வட்டியில் வாங்குகிறீர்கள் என்று வைப்போம். படிப்புக் காலமும் அதன்பின் ஒரு வருட அவகாசமும் முடியும்போது தனிவட்டி மட்டும் 9.2 லட்சம் ஏறி, கடன் 36 லட்சமாக நிற்கும். பத்து வருடத் தவணை என்றால் மாதம் 54,000 ரூபாய். அவகாசக் காலத்திலேயே வட்டி கட்டச் சொல்லும் நிறுவனங்களும் உண்டு. அந்த வட்டி உங்கள் அப்பாவின் தலையில்தான் விழும்.

பொதுத்துறை வங்கியில் கதை வேறு. 10% வட்டி என்று கொள்வோம். வெளிநாட்டுப் படிப்பு என்றால் 15% பங்குத்தொகையை நீங்கள் போட வேண்டும். அதற்கு உங்கள் சேமிப்பு ஏறக்குறையச் சரியாகப் போய்விடும். மீதி 23 லட்சம் கடன், தவணை தொடங்கும்போது 29 லட்சம். 15 வருடத்துக்குப் பிரித்தால் மாதம் 31,000. ஆனால் 7.5 லட்சத்துக்கு மேல் போனால் அடமானம் கேட்பார்கள், அங்கே உங்கள் வீடு உதவாது. தாத்தாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, அத்தைகள் இருந்தால் அவர்களிடமிருந்து பதிவு செய்த விடுதலைப் பத்திரம் அல்லது பாகப்பிரிவினை, அதன்பின் பட்டா மாறுதல், முப்பது வருட வில்லங்கச் சான்று, வங்கி வழக்கறிஞரின் சட்டக் கருத்து, மதிப்பீட்டாளர் அறிக்கை... ஒரு அத்தை கையெழுத்துப் போட யோசித்தால் அக்டோபர் சேர்க்கை போய்விடும்.

கல்விக் கடனுக்கு நான் வைக்கும் அளவுகோல் ஒன்றுதான்: வெளிநாட்டு வேலை கிடைக்காமல் ஊர் திரும்பினால், உள்ளூர்ச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கொண்டு தவணை கட்ட முடிய வேண்டும். திரும்பி வந்து 45,000 சம்பளம் வாங்கினால் 15,000 கட்டலாம். அது 10% வட்டியில், 15 வருடத்துக்கு, 14 லட்சக் கடனைத்தான் தாங்கும். உங்களுக்கு வேண்டியது அதைப்போல் இரண்டு மடங்கு.

ஜெர்மனியில் வேலை கிடைத்தால் இந்தக் கடன் சுமையே அல்ல. படிப்பு முடிந்ததும் வேலை தேட 18 மாதம் அனுமதியும் தருகிறார்கள். தடை மொழிதான். மென்பொருள் ஆட்களைப் பார்த்து ஆங்கிலம் போதும் என்று நினைக்க வேண்டாம். சுற்றுச்சூழல் பொறியாளரின் வேலையில் பாதி சட்டம் சார்ந்தது: அனுமதி விண்ணப்பம், வெளியேற்ற அளவுகள், ஆய்வு அறிக்கை, நகராட்சியோடு கடிதப் போக்குவரத்து. திருப்பூரில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியக் கோப்பைப் படிக்கத் தெரியாதவரை உங்கள் நிலையத்தில் வேலைக்கு எடுப்பார்களா? அங்கேயும் அப்படித்தான். வேலைக்குப் போதுமான பி2 நிலை ஜெர்மன் இல்லாமல் போனால் அந்த 18 மாதத்தில் பெரும்பகுதி மொழி வகுப்பிலேயே கரையும், கடனுக்கு வட்டியும் ஓடும்.

கோவைக் கணக்கு எளிது. கேட் மதிப்பெண்ணோடு, தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் அங்கீகாரம் பெற்ற முழுநேரப் படிப்பில் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை, 24 மாதத்துக்கு 2,97,600. செலவு 2.4 லட்சம் போக மிச்சம்கூட நிற்கும். உண்மையான செலவு நீங்கள் விடும் சம்பளம், 6.24 லட்சம். கடன் பூஜ்யம், சேமிப்பும் அப்படியே இருக்கும். உதவித்தொகை மாதாமாதம் ஒழுங்காக வராமல் தாமதமாவது சகஜம். ஆறு மாத விடுதிச் செலவைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். சேர்ந்த உடனே கல்லூரி உங்கள் பெயரை ஏ.ஐ.சி.டி.இ. தளத்தில் ஏற்றி அடையாள எண் உருவாக்கியதா என்று அலுவலகத்தில் கேட்டு உறுதிசெய்யுங்கள். அங்கே விட்டுப்போய்த் தொகையை இழப்பவர்கள் உண்டு. வங்கிக் கணக்கு உங்கள் பெயரில் மட்டும் உள்ள, ஆதார் இணைத்த சாதாரண சேமிப்புக் கணக்காக இருக்க வேண்டும். அப்பாவோடு கூட்டுக் கணக்கோ ஜன் தன் கணக்கோ செல்லாது. கேட் இல்லாமல் சீட்டா-பி.ஜி. என்ற மாநில நுழைவுத்தேர்வு வழியாகச் சேர்ந்தால் இந்தத் தொகை கிடையாது என்பதையும் விண்ணப்பிக்கும்போது மறக்காதீர்கள்.

திருப்பூர் அனுபவத்தைக் குறைத்து எடைபோட வேண்டாம். 2011 உயர்நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு அங்கே பூஜ்ய வெளியேற்றம் (கழிவுநீரைச் சொட்டும் வெளியே விடாமை) கண்டிப்பாக அமலாகி, ஆர்.ஓ. கழிவுநீரை எவாப்பரேட்டரில் வற்றவைத்து உப்பை மீட்பது அன்றாட வேலையாகிவிட்டது. அதையே எம்.இ. ஆய்வுத் தலைப்பாக்கினால், பிறகு ஜெர்மனிக்கு முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போது கையில் சரக்கு இருக்கும். அங்கே பொறியியல் முனைவர் இடங்கள் பெரும்பாலும் சம்பளத்தோடு கூடிய வேலை ஒப்பந்தம். போதுமான சம்பளம் என்றால் முடக்கக் கணக்குத் தேவைப்படாது. இரண்டு வருடத்தில் வாரம் இரு வகுப்பாகப் படித்தாலும் ஜெர்மனில் பி2-க்கு முந்தைய நிலையான பி1 வந்துவிடும்.

இல்லை, அடுத்த வருடம் ஸ்டுட்கார்டுக்கேதான் விண்ணப்பிப்பேன் என்றால் வேலையை விடாதீர்கள். பட்டா மாறுதலை இப்போதே தொடங்குங்கள். வங்கியில் இன்னொரு முடிச்சு உண்டு. விசா வந்தால்தான் பணம் விடுவிப்போம் என்று சில கிளைகள் சொல்லும், முடக்கக் கணக்குச் சான்று இல்லாமல் விசா நகராது. அந்த இடைவெளிக்கு மட்டும் அப்பாவின் எஃப்.டி. மேல் ஓவர்டிராஃப்ட் எடுக்கலாம்: பொதுவாக 90% வரை, எஃப்.டி. வட்டியைவிட 1% கூடுதலாக. 10.8 லட்சம் கிடைக்கும், மீதிக்கு உங்கள் சேமிப்பு. கடன் வந்த அன்றே ஓவர்டிராஃப்டை அடைத்துவிட வேண்டும். இதை வங்கி மேலாளரிடம் முன்பே எழுத்தில் பேசி வையுங்கள். வங்கிக் கடன் பணமாகவே நேரடியாகப் போனால் 2025 ஏப்ரலிலிருந்து டி.சி.எஸ். (பணம் அனுப்பும்போதே முன்கூட்டிப் பிடிக்கும் வரி) பிடிப்பதில்லை. சொந்தப் பணமாக அனுப்பினால் நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேற்பட்ட பகுதிக்குப் பிடிப்பார்கள். ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம்.

வேலையை விடும்போது பி.எஃப். பணத்தை எடுக்காதீர்கள். ஐந்து வருடப் பணிக்காலம் முடியாததால் அதற்கு வரி உண்டு. படித்து முடித்து அடுத்த வேலையில் சேர்ந்ததும் அதே யு.ஏ.என். என்ற பி.எஃப். அடையாள எண்ணைக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம்.