மாஸ்டர் கேட்பது 48, மெஷின் காட்டுவது 51

அன்புள்ள மேடம்,

வேலூர் சத்துவாச்சாரியில் இருந்து எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம். பிளஸ் டூ, காமர்ஸ் குரூப். எட்டாம் வகுப்பில் இருந்து வெயிட் லிஃப்டிங் செய்கிறேன். எங்கள் பக்கத்தில் இது புதுசு இல்லை. சதீஷ் சிவலிங்கம் அண்ணா எங்கள் ஏரியாதான். அவர் காமன்வெல்த்தில் தங்கம் வாங்கிய கதையைக் கேட்டுக் கேட்டே பார் பிடித்தவர்கள் நாங்கள்.

பிப்ரவரி கடைசியில் எனக்கு மாநில அளவில் போட்டி இருக்கிறது. மார்ச்சில் பொதுத்தேர்வு. "இதுல மெடல் வந்துச்சுன்னா ஸ்போர்ட்ஸ் கோட்டா. காலேஜ் ஃபீஸ் கவலை இல்ல, அப்புறம் ரயில்வே, போலீஸ்னு போய்க்கினே இருக்கலாம்" என்கிறார் மாஸ்டர். 53 கிலோ பிரிவில் வேறு மாவட்டத்துப் பெண் ஒருத்தி ரொம்ப பலமாம். அதனால் என்னை 48-ல் இறக்கப் பார்க்கிறார். காலாண்டு லீவில் 52 இருந்தேன். அப்போதிருந்து ராத்திரி சோறு கிடையாது, ஒரு வெள்ளரிக்காயோ மோரோதான். இப்போது 51. அதுக்குக் கீழே மெஷின் இறங்கவே மாட்டேன் என்கிறது. கடைசி வாரம் ரெயின்கோட் போட்டு ஓடி, தண்ணியை நிறுத்தி, எச்சில் துப்பி இறக்கிடலாம் என்கிறார்கள். கூடப் பயிற்சி எடுக்கும் ஒரு அக்கா, தண்ணி மாத்திரை ஒன்று இருக்கு, ஒரே நாளில் ரெண்டு கிலோ போயிடும் என்று சொன்னாள்.

காலையில் நாலரைக்கு எழுந்தால் தண்ணி பிடித்து வைத்துவிட்டு ஜிம். ஏழரைக்கு வந்து ஸ்கூல். சாயந்திரம் ஸ்பெஷல் கிளாஸ் முடித்து மறுபடியும் ஜிம். வீட்டுக்கு வர எட்டரை ஆகிவிடும். அப்பா ராணிப்பேட்டையில் தோல் கம்பெனியில் ஷிப்ட் வேலை. அம்மா வீட்டில் பீடி சுற்றுகிறார். ஆயா இடுப்பு உடைந்து படுக்கையில் இருக்கிறது. ராத்திரி ஆயாவைத் துடைத்து, துணி மாற்றி, அம்மாவுக்குக் கொஞ்சம் இலை வெட்டிக் கொடுத்துவிட்டுப் படிக்க உட்கார்ந்தால் கண் சொருகும். தம்பி பத்தாவது. அவனுக்குப் பொதுத்தேர்வு என்பதால் யாரும் வேலை சொல்வதில்லை, டியூஷன் போகிறான். எனக்கு தீபாவளிக்கு அப்புறம் பீரியட்ஸ் வரவில்லை. அரையாண்டில் கணக்குப்பதிவியலில் ஃபெயில். கிளாஸ் டீச்சர், "மெடல் வந்து பரீட்சை எழுதாது" என்று எல்லார் முன்னாடியும் சொல்லிவிட்டார். குடியாத்தத்தில் பெரியம்மா வீட்டு விசேஷத்துக்குப் போகாததால் சொந்தத்திலும் பேச்சு. "பொம்பளப் புள்ளைக்கு இது தேவையா, கர்ப்பப்பை இறங்கிடும்" என்று ஆயா படுத்துக்கொண்டே திட்டுகிறது.

போன வாரம் ஸ்குவாட் போடும்போது கண் இருட்டிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஜிம்முக்கு அனுப்ப மாட்டார்கள். எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டும் மேடம். படிப்பு, ஜிம், வீடு மூன்றையும் சமாளிக்கிற மாதிரி ஒரு டைம் டேபிள் போட்டுக் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி

---

அன்பு மகளுக்கு,

டைம் டேபிள் நான் தரப்போவதில்லை. உன் நாளில் இடம் மாற்றிப் போட ஒரு மணி நேரம்கூட மிச்சமில்லை. தம்பியின் டியூஷனுக்கும் உன் கணக்குப்பதிவியல் மார்க்குக்கும் நடுவே, போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாயே, தீபாவளிக்கு அப்புறம் வரவில்லை என்று. நாம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

வந்துகொண்டிருந்த மாதவிலக்கு தொடர்ந்து மூன்று மாதம் வராமல் போனால் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். காலையும் மாலையும் பளு தூக்குகிறாய், ராத்திரி வெள்ளரிக்காயோடு படுக்கிறாய். செலவாகிற சக்திக்கு ஏற்ற சாப்பாடு உள்ளே போகாதபோது, உயிர் பிழைக்க உடனடியாகத் தேவைப்படாத வேலைகளை உடம்பு ஒவ்வொன்றாகக் குறைக்கும். கருமுட்டைப் பைக்கு மூளையில் இருந்து போகிற ஹார்மோன் கட்டளை அப்படித்தான் அடங்கிப் போகிறது. ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பு வலுவிழக்கும். ஒரு பெண்ணின் ஆயுசுக்குமான எலும்பு வலுவில் பெரும்பங்கு பதின்வயதுக்குள் சேர்ந்தாக வேண்டும். பளு தூக்கும் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய நஷ்டம் எது? சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-இல் இந்த நிலைக்கு 'ரெட்-எஸ்' என்று பெயர் கொடுத்து அறிக்கை வெளியிட்டது. 2023-இல் அதைப் புதுப்பித்தும் இருக்கிறது. கண் இருட்டுவது, தூக்கத்தில் சொக்குவது, படித்தது மண்டையில் நிற்காதது, எடை ஒரு இடத்தில் வந்து அசையாமல் நிற்பது எல்லாமே இதோடு சேர்ந்து வரக்கூடியவை. கணக்குப்பதிவியலில் நீ ஃபெயிலானது மக்கு என்பதால் இல்லை. வெறும் வயிற்றோடு, ஐந்து மணி நேரத் தூக்கத்தோடு உட்கார்ந்தால் யாருக்கும் பேலன்ஸ் ஷீட் டேலி ஆகாது.

இதுதான் காரணம் என்று நானே முடிவு கட்ட முடியாது. தைராய்டு, நீர்க்கட்டி, ரத்தசோகை எல்லாவற்றையும் டாக்டர் பார்ப்பார். அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையோ சி.எம்.சி.யோ, உனக்கு எது தோதோ அங்கே மகப்பேறு, மகளிர் நலப் பிரிவில் காட்டு. ஒன்றை முன்னாடியே சொல்லிவிடுகிறேன். மாதவிலக்கு நின்றிருக்கிறது என்று யார் போனாலும், கல்யாணம் ஆகாத பெண்ணாக இருந்தாலும், கர்ப்பப் பரிசோதனையும் எடுக்கச் சொல்வார்கள். அது வழக்கமான நடைமுறை, உன்மேல் சந்தேகம் இல்லை. அம்மாவுக்கு இதை வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப் போ. அங்கே திடுதிப்பென்று கேட்டால் பாவம், அவர் முகம் வெளுத்துவிடும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு, வரவழைக்கிற மாத்திரை எதுவும் வாங்காதே.

"சொன்னால் ஜிம்முக்கு அனுப்ப மாட்டார்கள்" என்று பயப்படுகிறாய். நியாயமான பயம்தான். ஆயா உடனே, "நான் அப்பவே சொன்னேன்ல" என்று ஆரம்பிக்கும். அப்போது நீ சொல்ல வேண்டியது: பளு தூக்கியதால் நிற்கவில்லை, சாப்பிடாமல் தூக்கியதால் நின்றிருக்கலாம். வயசுப் பெண்ணுக்குப் பளு தூக்கினால் கர்ப்பப்பை இறங்கிவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. முறையாகத் தூக்கினால் எலும்பு பலப்படத்தான் செய்யும். டாக்டர் வாயாலேயே இதைக் கேட்டு வந்தால் வீட்டில் எடுபடும்.

அந்தத் தண்ணி மாத்திரையைத் தொடவே தொடாதே. சிறுநீரைப் பெருக்கும் மாத்திரைகள் உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பின் தடைப்பட்டியலில் இருக்கின்றன. நம் நாட்டின் ஊக்கமருந்து தடுப்பு அமைப்பான 'நாடா'வின் சோதனையில் சிக்கினால், அக்கா கொடுத்தாள், எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது. நீ நம்பியிருக்கிற கோட்டாவும் அதோடு போச்சு. உடம்பில் நீர் வற்றும்போது பொட்டாசியமும் குறையும், இதயத் துடிப்பே தாறுமாறாகும். ரெயின்கோட் ஓட்டமும் இதே ஆபத்துதான். நம்ம ஊர் வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு ஓடச் சொல்கிறவர்கள் ஒரு நாள் தாங்களே போட்டு ஓடிப் பார்க்கட்டும்.

48-ஐப் பற்றி. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத்துக்கு நடந்தது உனக்குத் தெரியும். 53 கிலோவில் ஆடிவந்தவர், அந்த இடம் வேறொருவருக்குப் போனதால் 50-க்கு இறங்கினார். இறுதிப் போட்டி நாள் காலையில் 100 கிராம் கூடுதல். ராத்திரி முழுக்க ஓடியும், முடியை வெட்டியும் இறங்கவில்லை. தகுதி நீக்கமானார், நீர் வற்றிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பக்கத்திலேயே மருத்துவக் குழு வைத்திருந்தவருக்கே அந்தக் கதி. உனக்கு அங்கே யார் இருக்கப்போகிறார்கள்? பளு தூக்குதலில் எடை பார்ப்பதற்கும் மேடை ஏறுவதற்கும் இடையே இருப்பது ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம். வற்றிய உடம்பு அதற்குள் தேறாது. 48-ல் நுழைந்தாலும் 51-ல் தூக்குகிற எடையை நீ தூக்கப்போவதில்லை. அப்புறம் எதற்கு அந்த மூன்று கிலோ?

எனவே மாஸ்டரிடம், "53-லயே இறங்குறேன் மாஸ்டர்" என்று சொல். தனியாகச் சொல்லாதே, அம்மாவையோ அப்பாவையோ கூட்டிப் போ. அவரைக் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. இந்த ஊரில் காலங்காலமாகக் காசு பார்க்காமல் பிள்ளைகளுக்குப் பழக்கிவிடுகிற மாஸ்டர்கள் இருக்கிறார்கள், மெடல்தான் அவர்களுக்குக் கூலி. ஆனாலும் ஒரு பெண்ணின் எடை இவ்வளவுதான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்கிறவர், அவளுக்கு மாதாமாதம் ஒழுங்காக வருகிறதா என்று கேட்கக் கூச்சப்படக் கூடாது. அவர் கேட்காவிட்டால் அம்மா சொல்லட்டும். பாரிஸில் நான்காவதாக வந்த மீராபாய் சானு, அன்று தனக்கு மாதவிலக்கின் மூன்றாம் நாள் என்று பத்திரிகையாளர்களிடமே சொன்னார். உன் விளையாட்டின் பெரிய வீராங்கனை உலகத்துக்கே சொன்னதை நீ மாஸ்டருக்குச் சொல்வதில் அவமானம் ஒன்றுமில்லை.

டாக்டர் இந்தப் போட்டி வேண்டாம் என்றால், வேண்டாம். உனக்கு 17 வயது என்று வைத்துக்கொண்டால், ஜூனியர் பிரிவில் 20 வரை தூக்கலாம். தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருப்பது உண்மை. அதற்கும் அந்தந்த வேலைக்கான படிப்புத் தகுதி வேண்டும். பிளஸ் டூவில் ஒரு பாடம் போனால் மெடல் சும்மா ஆணியில் தொங்கும். இதை உன் டீச்சரும் சொன்னார்தான். எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்க வேண்டாம்.

உன் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது இன்னொன்று பட்டது. பரீட்சை நெருங்குவது மாஸ்டருக்கு ஒரு பொருட்டாக இருப்பதாகத் தெரியவில்லை. நீ நாலரைக்கு எழுவது டீச்சருக்குத் தெரியாது. ராத்திரி நீ சாப்பிடாதது அம்மாவுக்குத் தெரிந்திருக்கலாம், மாதவிலக்கு நின்றது தெரியாது. ஆளுக்கு ஒரு துண்டு தெரியும், மொத்தமும் தெரிந்தவள் நீ ஒருத்திதான். அதனால்தான் ஒவ்வொருவரும் தன் பங்கு சின்னதுதான் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் கேட்கிறார்கள். முதலில் ஒருவருக்காவது மொத்தத்தையும் சொல். அது அம்மாவாக இருந்தால் நல்லது.

தேர்வு முடியும் வரை காலை ஜிம்மை விடு. உன் வயசுக்கு எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் தூங்க வேண்டும். மாலைப் பயிற்சியும் டாக்டர் சரி என்ற பிறகுதான், அதுவும் தினமும் வேண்டாம். ராத்திரி சாப்பாடு இன்றிலிருந்தே. விலை கூடிய பவுடர் டப்பா எதுவும் தேவையில்லை. கேழ்வரகுக் களியும் கொள்ளு ரசமும், வேகவைத்த வேர்க்கடலை, முட்டை போதும். பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், சாப்பிட்ட பிறகு போடு. மனசு தாங்காத ராத்திரிகளில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குக் கூப்பிடலாம், காசு ஆகாது, தமிழில் பேசுவார்கள்.

அம்மாவிடம் வாயால் சொல்ல வரவில்லை என்றால் இந்தப் பக்கத்தைக் காட்டு. கீழே இருப்பது அவருக்கு.

அம்மா, வணக்கம். உங்கள் மகள் தப்பு எதுவும் செய்யவில்லை. சாப்பிடாமல் உழைத்து உடம்பு இளைத்திருக்கிறாள், நாள் தள்ளிப்போய் மாதக்கணக்காகிறது. பயந்துகொண்டு உங்களிடம் சொல்லவில்லை. திட்டாமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். ஜிம்மை அடியோடு நிறுத்திவிடாதீர்கள், அவளுக்கென்று இருப்பது அது ஒன்றுதான். உங்கள் கை ஓய்ந்தால் அன்றைய கூலி போய்விடும் என்பது எனக்குத் தெரியும். அவள் வெட்டித் தருகிற இலை உங்களுக்குப் பெரிய உதவிதான். ஆனால் பொதுத்தேர்வு தம்பிக்கு மட்டும் இல்லை, அவளுக்கும்தான். பத்தாவது படிக்கிற பையன் குடம் தூக்குவான், இலையும் வெட்டுவான், ஆயாவுக்குச் சோறும் ஊட்டுவான், பழக்கினால். தேர்வு முடியும் வரை ஆயாவுக்குத் துணி மாற்றுவதை நீங்களும், அப்பாவுக்குப் பகல் ஷிப்ட் வருகிற வாரங்களில் அவரும் பார்த்துக்கொள்ள முடியுமா என்று இன்று ராத்திரி பேசிப் பாருங்கள். நாளைக் காலைத் தண்ணீரைத் தம்பி பிடிக்கட்டும்.

அன்புடன்,
ஆலோசகர்