ஓய்வில்லாத நாளில் இறைவனின் உடனிருப்பு

கேள்வி: காலையிலிருந்து இரவு வரை ஓட்டமாகவே இருக்கிறது. ஜெபிக்கவே நேரமில்லாதபோது, கடவுள் அன்போடு உடனிருப்பதை எப்படி உணர்வது?

ஓடிக்கொண்டிருக்கும்போதே உணர முயல்வதைவிட, ஓடி முடித்தபின் திரும்பிப் பார்ப்பது எளிது என்பது என் எண்ணம். பெங்களூரில் மாரத்தஹள்ளியிலிருந்து சில்க் போர்டு வரை பேருந்தில் நின்றுகொண்டே வருபவரிடம் மனத்தைக் கடவுள்மீது நிறுத்தச் சொன்னால் அது நிற்காது. அதற்காக நம்மை நாமே கடிந்துகொள்ளவும் தேவையில்லை.

இது நம் காலத்துச் சிக்கல் மட்டுமன்று. படிப்புச் சுமையால் நீண்ட தியானத்துக்கு நேரமில்லாத இயேசு சபை (கத்தோலிக்கத் துறவற சபை) மாணவர்களைப் பற்றிப் போர்ச்சுகல் நாட்டு இயேசு சபையினர் ஒருவர் கேட்டபோது, 1551இல் அச்சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் சார்பில் அவருடைய செயலர் பொலாங்கோ எழுதிய பதில், பேசும்போதும் நடக்கும்போதும் பார்ப்பதிலும் சுவைப்பதிலும் கேட்பதிலும் இறைவனைத் தேடலாம் என்று வழிகாட்டியது. ஆனால் ஆன்ம ஆய்வை மட்டும் இஞ்ஞாசியார் விட்டுக்கொடுக்கவில்லை. நன்றி கூறி, ஒளி கேட்டு, அன்று நடந்தவற்றை வரிசையாக நினைத்து, மன்னிப்பு வேண்டி, மறுநாளுக்குத் தீர்மானம் எடுப்பதே அது. இந்த ஐந்தில் நான் அதிக நேரம் தங்குவது மூன்றாவதில்.

அண்மையில் அப்படி நினைத்துப் பார்த்தபோது, காலையில் பொருட்படுத்தாமல் விட்ட ஒன்று தெளிவாகத் தெரிந்தது. மீதிச் சில்லறையைக் கண்டக்டர் டிக்கெட்டின் பின்புறம் எழுதிக் கொடுத்திருந்தார். கைப்பேசியில் மேலாளருக்குப் பதில் அனுப்பிக்கொண்டே நான் இறங்கப் போனேன். அவரோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு படி வரை வந்து, மடித்த பத்து ரூபாய் நோட்டை என் சட்டைப்பையில் திணித்துவிட்டு, அடுத்த டிக்கெட்டைக் கிழிக்கத் திரும்பிவிட்டார். அவ்வளவு நெரிசலில் ஒருவனை நினைவில் வைத்திருந்த அந்தக் கவனத்தை இறைவன் என்மீது கொண்ட கவனமாகவே நான் ஏற்றுக்கொள்கிறேன். கண்டக்டர் எந்த மதத்தவர் என்று எனக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

சிக்னல் சட்டென்று பச்சையானதையும் வண்டி நிறுத்த இடம் கிடைத்ததையும் கடவுள் கணக்கில் எழுதுவதை மட்டும் நான் தவிர்க்கிறேன். அப்படியானால் அதே சிக்னலில் சிக்கிக்கொண்ட ஆம்புலன்ஸை யார் கணக்கில் எழுதுவது? நான் தேடுவது வசதியை அல்ல, அன்பு காட்டப்பட்ட இடங்களை. நான் காட்டத் தவறிய இடங்களும் அப்போது கூடவே வந்து நிற்கும்.

அமைதியான இடம் வேண்டுமென்றும் காத்திருக்க வேண்டாம். சிவாஜிநகர் மரியன்னை பேராலயத்தில், சேலை உடுத்திய மாதாவின் முன் சிறிது நேரம் உட்கார்ந்திருக்கும்போது, வெளியே ரசல் மார்க்கெட்டின் இரைச்சல் ஓய்வதேயில்லை. ஆனாலும் அங்கே ஜெபிக்க முடிகிறது.

சில நாட்களில் எதுவுமே தோன்றாது. அன்று நன்றி மட்டும் சொல்லி முடித்துக்கொள்கிறேன். நீங்கள் தொடங்குவதாக இருந்தால், படுக்கையில் தொடங்காதீர்கள், இரண்டாவது நிமிடமே தூங்கிவிடுவீர்கள். நிறுத்தத்தில் இறங்கி வீட்டுக்கு நடக்கும் நேரமே போதும்.