வாசகர் கேள்வி – பதில்: உருளைக்கிழங்கின் வாடல் நோயும் நானோதுகள்களும்

கேள்வி: எங்கள் வயலில் நன்றாக நின்ற உருளைக்கிழங்குச் செடிகள் இலை மஞ்சளாகாமலேயே துவண்டு சாய்கின்றன. பாக்டீரியா வாடல் நோய் என்கிறார்கள். வெள்ளி அல்லது துத்தநாக நானோதுகள் கரைசலைத் தெளித்தால் செடி பிழைக்குமா?

பதில்: வாடிவிட்ட செடி பிழைக்காது. இந்நோயை உண்டாக்கும் ரால்ஸ்டோனியா சொலனேசியாரம் என்னும் பாக்டீரியா மண்ணிலிருந்து வேர்க்காயங்கள் வழியாக நுழைந்து, தண்டுக்குள் நீர் ஏறும் குழாய்களில் பெருகி, பசைபோன்ற பொருளைச் சுரந்து அவற்றை அடைத்துவிடுகிறது. இலைமேல் விழும் துளி அந்த இடத்தைச் சென்றடைவது அரிது.

மருந்தைப் பற்றி யோசிக்குமுன் நோயை உறுதி செய்துகொள்ளுங்கள். வாடிய தண்டின் அடிப்பகுதியை வெட்டி, கண்ணாடிக் குவளையில் உள்ள தெளிந்த நீரில் வெட்டுவாய் மட்டும் தொடும்படி அசையாமல் பிடித்தால், சில நிமிடங்களில் பால்நிற இழைகள் நீருக்குள் இறங்குவதைக் காணலாம். அந்த இழைகள் கோடிக்கணக்கான பாக்டீரியாக்களே. கிழங்கை நறுக்கினால் தோலுக்குச் சற்று உள்ளே பழுப்பு வளையம் தெரியும். அழுத்தினால் வெண்ணிறச் சளி கசியும்.

நானோதுகள் என்பது 1 முதல் 100 நானோமீட்டர் அளவுள்ளது. இக்கிருமியின் நீளம் ஏறத்தாழ 1.5 முதல் 2.5 மைக்ரோமீட்டர் (ஒரு மைக்ரோமீட்டர் 1000 நானோமீட்டர்) என்பதால், 50 நானோமீட்டர் துகள்களை அதன் நீளத்துக்கு 30 முதல் 50 வரை அடுக்கலாம். துகளின் விட்டம் பத்தில் ஒரு பங்காகும்போது, அதே எடைப் பொருளின் மேற்பரப்பு பத்து மடங்காகிறது. வெள்ளி, தாமிர, துத்தநாகத் துகள்கள் அந்தப் பரப்பிலிருந்து அயனிகளை (மின்னூட்டம் கொண்ட அணுக்களை) வெளியிட்டு, கிருமியின் உறையைச் சிதைத்து, வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் சேர்மங்களால் உள்ளிருக்கும் புரதத்தையும் மரபுப்பொருளையும் தாக்குகின்றன. ஆய்வகத் தட்டில் இது தெளிவாகத் தெரிகிறது. மண்ணிலோ களிமண், மட்கு, உப்புகள் ஆகியவை துகள்களைப் பற்றித் திரளச் செய்வதால் வீரியம் குறைகிறது. ஆகவே இத்துகள்களுக்குப் பொருத்தமான இடம் நடவுக்கு முன் விதைக்கிழங்கு நேர்த்தியும், நோய் வேருக்குள் புகுமுன் வேர்ப்பகுதியில் ஊற்றுவதும்தான் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: அப்படியானால் அளவைக் கூட்டி ஊற்றலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். அளவு மீறினால் வேர் வளர்ச்சி குன்றும். மண்ணுக்கு உதவும் நுண்ணுயிர்களும் அழியும். தாமிரத்தையும் வெள்ளியையும் தாங்கும் பாக்டீரியாக்கள் பெருகவும் வழி பிறக்கும். பயிருக்கென அனுமதி பெற்ற தயாரிப்பை, அதன் உறையில் குறித்த அளவில் மட்டுமே பயன்படுத்துங்கள்.

அதற்கும் முன்பாக, நோயற்ற வயலிலிருந்து வந்த சான்றுபெற்ற விதைக்கிழங்கை முழுதாகவே நடுங்கள். வெளியே குறியில்லாத ஒரு கிழங்குக்குள்ளும் இக்கிருமி மறைந்திருக்கக்கூடும். அதை வெட்டிய கத்தி அடுத்தடுத்த கிழங்குகளுக்கெல்லாம் நோயைப் பூசிவிடும். வெட்டித்தான் தீரவேண்டும் என்றால், ஒவ்வொரு கிழங்குக்கும் பிறகு கத்தியைக் கிருமிநாசினியில் நன்கு நனைத்தெடுங்கள். நோய் கண்ட நிலத்தில் சில பருவங்களுக்குத் தக்காளி, கத்திரி, மிளகாய் எதுவும் வேண்டாம், அவையும் இதே கிருமிக்கு இரையாகும்; தானியப் பயிர்களைச் சாகுபடி செய்யுங்கள்.