விடுதி அறைக்குள் தீ அலாரம் கேட்காவிட்டால்

வராந்தாவில் உள்ள தீ அலார ஹூட்டரை (சங்கை) இன்னும் பெரிதாக்காதீர்கள்; ஒவ்வொரு அறைக்குள்ளும் சிறிய சவுண்டர், அதாவது அலார ஒலிப்பான், வையுங்கள். வராந்தாவில் 90 டெசிபல் சத்தம் இருந்தும் அறைக்குள் தூங்கும் மாணவர்கள் எழவில்லையா? காரணம் பெரும்பாலும் சாத்திய கதவுதான். அது மட்டுமே 20 டெசிபலுக்கு மேல் விழுங்கிவிடும். தூரம் இரட்டித்தால் திறந்த வெளியில் இன்னொரு 6 டெசிபல் போகும்.

கதவைச் சாத்தி, மின்விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டு, ஒலிமானியைத் தலையணை மேல் வைத்து அளந்து பாருங்கள். அங்கே குறைந்தது 75 டெசிபல்-ஏ (மனிதக் காது உணரும் விதத்துக்கு ஏற்ப அளக்கும் டெசிபல்) வர வேண்டும். வெறுமனே கட்டிலருகே நின்று காதால் கேட்டுச் சரி என்று விட்டுவிடாதீர்கள். விழித்திருக்கும் காது வேறு, தூங்கும் காது வேறு. கீச்சொலியை விட, 520 ஹெர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த ஒலிதான் ஆழ்ந்த தூக்கத்தை நன்றாகக் கலைக்கும்.

அப்புறம், சவுண்டர்களைக் கூட்டுமுன் பேனலும் (அலாரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டி) பேட்டரியும் அந்த மின்னோட்டத்தைத் தாங்குமா என்று கணக்குப் போடுங்கள். காது கேளாத மாணவர் இருந்தால் மின்னும் விளக்கும் படுக்கை அதிர்வியும் கட்டாயம் வேண்டும்.