டிஎன்ஏவைப் படிக்கக் கணினி அறிவியல் எதற்கு?

"படிக்கத்தான் இயந்திரம் இருக்கிறதே, அப்புறம் கணினி அறிவியல் எதற்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள். சிக்கலே அங்கேதான். மனித மரபணுத்தொகுதி, அதாவது நம் டிஎன்ஏ முழுவதும், A, C, G, T என்ற நான்கே எழுத்துகளில் எழுதியது போன்றது; சுமார் 300 கோடி எழுத்து நீளம். பரவலாகப் பயன்படும் இயந்திரங்களோ ஒரு துண்டில் 150 முதல் 300 எழுத்துகளைத்தான் படிக்கும். ஒரே புத்தகத்தின் பல பிரதிகளைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஓரங்கள் எங்கே பொருந்துகின்றன என்று தேடி ஒட்டுகிற வேலை இது. சரி, ஒரே வரி ஆயிரம் இடத்தில் வந்தால்? மாட்டிக்கொள்வோம்.

இங்கே கைகொடுத்தது, கேட்டால் நம்பமாட்டீர்கள், 18ஆம் நூற்றாண்டில் ஆய்லர் என்ற கணித மேதை ஆராய்ந்த ஏழு பாலப் புதிர்: ஓர் ஊரின் ஏழு பாலங்களையும் தலா ஒரே ஒருமுறை கடந்து நடக்க முடியுமா? துண்டுகளைப் பாலங்களாக வைத்து, ஒவ்வொன்றையும் ஒருமுறை கடக்கும் பாதையைத் தேடுகிறார்கள். அப்படியும், 2003இல் முடிந்ததாக அறிவித்த மனித மரபணுத்தொகுதியில் விடுபட்டிருந்த சுமார் 8% பகுதி 2022இல்தான் நிரம்பியது. அதற்கு நீளமாகப் படிக்கும் இயந்திரங்களும் புதிய நிரல்களும் சேர்ந்தே வர வேண்டியிருந்தது.